மலையினின்று தப்பியோர்: பினதுபோ 1991

எரிமலை என்றதும் நம் மாணவர் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் ஒன்றே. மலையுச்சியில் செந்நெருப்பு, சரிவில் வழிந்தோடும் குழம்பு, கீழே அஞ்சி ஓடும் மக்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று சீறும் மலை ஏதும் இல்லாமையால், இப்படத்தைத் திருத்திக்கொள்ளும் தேவை நமக்கு நேர்ந்ததில்லை. ஆயினும் மேற்கே சுமத்திரா, தெற்கே ஜாவா, வடகிழக்கே பிலிப்பைன்ஸ் என மூன்று பக்கமும் எரிமலைகள் நம்மைச் சூழ்ந்தே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய பினதுபோ 1991ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெடித்தது. அப்போது மக்கள் எவ்வாறு வெளியேற்றப்பட்டனர், கட்டடங்கள் எவ்வாறு வீழ்ந்தன, வெளியேறிப் பிழைத்தோருள்ளும் பலர் பின்னர் ஏன் மாண்டனர் என்பனவே இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பினதுபோவின் வெடிப்பு, இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த எரிமலை வெடிப்புகளுள் அளவால் இரண்டாவது. 1912இல் அலாஸ்காவில் நிகழ்ந்ததே அதனினும் பெரியது. ஆனால் அங்கு மக்கள் மிகச் சிலரே வாழ்ந்தனர். பினதுபோவைச் சுற்றி வாழ்ந்தோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். அவ்வாறிருந்தும் வெடித்த நாளில் இறந்தோர் சில நூற்றுவரே. குறைந்தது 5,000 உயிர்கள் முன்னறிவிப்பால் காக்கப்பட்டன என்பது பிலிப்பைன்ஸ், அமெரிக்க அறிவியலார் செய்த மதிப்பீடு. இதனால் பேரிடர் மேலாண்மை பற்றிய நூல்கள் யாவும் இதனை ஒரு வெற்றியாகவே எடுத்துரைக்கின்றன. அது வெற்றிதான்; நாமும் மறுக்கவில்லை. ஆனால் அவ்வெற்றியின் கணக்கை மலையருகே மட்டும் நின்று பார்த்தால், மாண்டோர் கண்ணில் படமாட்டார். அவர்கள் மலையருகே மாளவில்லை.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது சொல்வோம். லூசோன் தீவில், மணிலாவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவில், சம்பாலெஸ், தார்லாக், பம்பங்கா ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் கூடுமிடத்தில் நிற்பது பினதுபோ. 1991க்கு முன் அதன் உயரம் 1,745 மீட்டர். அடர்ந்த காடு போர்த்திய மலை. கூம்பு வடிவமும் இல்லை, உச்சியில் புகையும் இல்லை. அஃது எரிமலை என்பதே சுற்றுப்புற மக்களுள் பெரும்பாலோர்க்குத் தெரியாது. கடைசியாக அது வெடித்து 500 ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்திலோ ஊரார் நினைவிலோ தெளிவான சான்று எஞ்சாத அளவுக்கு நீண்ட உறக்கம்.

மலைச்சரிவுகளில் வாழ்ந்தோர் ஆயித்தா எனப்படும் பழங்குடியினர், ஏறத்தாழ 20,000 பேர். வேட்டையும் கிழங்கும் மலைப்பயிரும் அவர்தம் வாழ்வு. மலையை ஆளும் கடவுளை அவர்கள் ஆப்போ நமல்யாரி என அழைப்பர். 1980களின் இறுதியில் புவிவெப்பத்தால் மின்னாக்கம் செய்ய இயலுமா என்று பார்ப்பதற்காக அரசு எண்ணெய் நிறுவனம் மலையில் ஆழ்துளைகள் இட்டது. கடவுளின் உடலைத் துளைத்ததால்தான் அவர் சினந்தார் என்பது ஆயித்தா முதியோர் பின்னர்க் கூறிய விளக்கம். இதைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. நாம் சிரிக்கவில்லை. மலை உயிருள்ளது, சீண்டத்தகாதது என்ற உணர்வாவது அவர்களிடம் இருந்தது. சமவெளியில் இருந்தோரிடம் அதுவும் இல்லை.

1990ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் லூசோனில் கடும் நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. அதன் மையம் பினதுபோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் இருந்தது. அடுத்த சில வாரங்களில் மலையில் நீராவி எழுவதாக ஒரு செய்தி பிலிப்பைன்ஸ் எரிமலையியல், நிலநடுக்கவியல் கழகத்தை எட்டியது. செய்தியைக் கொண்டுசேர்த்தவர், ஆயித்தா மக்களிடையே எழுத்தறிவுப் பணி செய்துவந்த கத்தோலிக்கப் பெண் துறவி ஒருவர். ஆசிரியர்கள் கூடியிருக்கும் இவ்வவையில் இதனைச் சற்று அழுத்திச் சொல்ல விழைகிறோம். கருவி ஒன்றும் இல்லாத மலையில் முதற்குறியைக் கண்டவர்கள் மலைவாழ் மக்கள். அதனை அலுவலகம் வரை கொண்டுவந்தவர் அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர்.

1991 மார்ச்சு நடுவில் சிற்றூர் மக்கள் நிலம் அதிர்வதை உணரலாயினர். ஏப்ரல் 2ஆம் நாள் மலையின் வடபுறத்தில் ஒன்றரைக் கி.மீ. நீளத்துக்கு வரிசையாகத் துளைகள் திறந்து நீராவியும் தூளும் வெடித்துக் கிளம்பின. அதனையடுத்து வெளியேற்றம் தொடங்கிற்று: முதலில் 10 கி.மீ. சுற்றளவில் இருந்த ஏறத்தாழ 5,000 பேர். கழகத்தின் இயக்குநர் ரைமுண்டோ புனொங்பாயனின் குழு நிலஅதிர்வுக் கருவிகளை நிறுவியது. அம்மாத இறுதியில் கிறிஸ் நியூஹால் தலைமையில் அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தார் வந்து சேர்ந்தனர். மலைக்குக் கிழக்கே அமைந்திருந்த அமெரிக்க விமானப்படைத் தளமாகிய கிளார்க்கில் கண்காணிப்பு நிலையம் அமைந்தது.

அமெரிக்கக் குழு ஏன் அவ்வளவு விரைவில் வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் மலை சிறிதளவே வெடித்தது. ஆனால் உச்சியிலிருந்த பனி உருகிச் சேற்றுவெள்ளமாகப் பாய்ந்து அர்மேரோ என்னும் நகரைப் புதைத்தது. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். இடர்வரைபடம் முன்பே இருந்தது, அறிவியலாரும் எச்சரித்திருந்தனர், ஆனால் வெளியேற்றும் ஆணை மக்களைச் சென்றடையவில்லை. அத்துயருக்குப் பின் எழுந்ததே எந்நாட்டிற்கும் விரைந்து சென்று உதவும் அந்தக் குழு. பினதுபோவில் அவர்கள் அஞ்சியது மலையை மட்டுமன்று. அர்மேரோவில் நேர்ந்தது மீண்டும் நேர்ந்துவிடுமோ என்பதையும்தான்.

மலையின் பழைய படிவுகளைத் தோண்டிக் கரித்துண்டுகளின் அகவையைக் கணித்தபோது, 500, 3,000, 5,500 ஆண்டுகளுக்கு முன்னர் மாபெரும் வெடிப்புகள் நிகழ்ந்திருந்தமை தெரியவந்தது. சிறு வெடிப்புகளால் தணிந்துவிடும் மலையன்று இது. வெடித்தால் பெரிதாகவே வெடிக்கும். ஆனால் இதை யாரிடம், எப்படிச் சொல்வது? மலை எரிமலை என்பதையே நம்பாத ஊர்த்தலைவர்கள் இருந்தனர். அப்போது கிளார்க், சூபிக் ஆகிய அமெரிக்கத் தளங்களின் குத்தகையைப் புதுப்பிப்பது பற்றி இரு அரசுகளும் பேச்சு நடத்திக்கொண்டிருந்தன. ஆதலால் அறிவியலார் சொல்லுக்கும் அரசியல் நோக்கம் கற்பிக்கப்படும் சூழல் நிலவியது.

அவர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, ஐந்து படிகளாக அமைந்த எச்சரிக்கை முறை. மே 13ஆம் நாள் அது வெளியிடப்பட்டது. மூன்றாம் படி என்றால் இரு வாரங்களுக்குள் வெடிக்கக்கூடும். நான்காம் படி என்றால் 24 மணி நேரத்திற்குள். ஐந்து என்றால் வெடித்துக்கொண்டிருக்கிறது. 'நிகழ்தகவு', 'ஏற்ற இறக்கம்' என்று பேசும் அறிவியல் மொழியை, ஓர் ஊர்த்தலைவர் செயற்படுத்தக்கூடிய எண்ணாக மாற்றிக்கொடுத்தது அது. மொழியில் ஈடுபாடு கொண்ட நாம் இதனை ஒரு மொழிபெயர்ப்பு என்றே கருதுகிறோம். அதுவும், சொற்களைக் குறைத்ததால் வென்ற மொழிபெயர்ப்பு.

மற்றொன்று திரைப்படம். மொரீஸ் கிராஃப்ட், காத்தியா கிராஃப்ட் என்னும் பிரெஞ்சுத் தம்பதியர் உலகெங்கும் எரிமலைகளின் அருகில் நின்று எடுத்த காட்சிகளைத் தொகுத்து, எரிமலை இடர்களை விளக்கும் படமொன்றை உருவாக்கியிருந்தனர். அனற்பெருக்கு எவ்விரைவில் வரும், சேற்றுவெள்ளம் எதைச் செய்யும் என்பதைக் கண்ணெதிரே காட்டிய படம். அலுவலர், படையினர், ஊர் மக்கள் என அனைவர்க்கும் அது போட்டுக் காட்டப்பட்டது. நம்பாதவர் பலர் அதைப் பார்த்தபின் நம்பினர். அப்படம் பினதுபோவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த நாள்களிலேயே, ஜூன் 3ஆம் நாள், ஜப்பானின் உன்சென் மலையில் எழுந்த அனற்பெருக்கில் அவ்விருவரும் உயிர்நீத்தனர்.

மலையினின்று வெளிவந்த கந்தக ஈராக்சைடு மே 13இல் நாளொன்றுக்கு 500 டன். 28இல் 5,000 டன். பின்னர் அது திடீரெனக் குறைந்தது. வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அறிவியலார் பொருள்கொண்டனர். ஜூன் 5இல் மூன்றாம் படி, 7இல் நான்காம் படி, 9இல் ஐந்தாம் படி. வெளியேற்ற வட்டம் 20 கி.மீ. ஆயிற்று, ஏறத்தாழ 25,000 பேர் இடம்பெயர்ந்தனர். 10ஆம் நாள் காலை கிளார்க் தளத்திலிருந்து ஏறத்தாழ 14,500 பேர் சாலைவழியே சூபிக்கிற்குப் புறப்பட்டனர். 12ஆம் நாள், பிலிப்பைன்ஸ் விடுதலை நாள். காலை 8.51க்கு முதற்பெரு வெடிப்பு நிகழ்ந்து, புகைத்தூண் 19 கி.மீ. உயர்ந்தது. வட்டம் 30 கி.மீ. ஆக விரிந்தது. வெளியேறியோர் தொகை 58,000ஐ எட்டியது.

இவ்வட்டங்கள் எதை எண்ணி வரையப்பட்டன என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கொதிக்கும் வளியும் தூளும் கற்களும் கலந்து, மரங்களை வேரோடு சாய்த்துச் சரிவில் பாய்ந்துவரும் அனற்பெருக்கே அறிவியலாரின் முதல் அச்சம். அதன் முன் எக்கட்டடமும் நில்லாது, எவ்வுயிரும் பிழைக்காது. வெடிப்பின் உச்சத்தில் அது மலையினின்று 16 கி.மீ. வரை பாய்ந்தது. அவ்வெல்லைக்குள் வாழ்ந்தோரை வெளியேற்றியதால்தான் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். மறுத்து மலையிலேயே தங்கிவிட்ட சிலரே அதற்கு இரையாயினர்.

இனிச் சாம்பலைப் பற்றிப் பேச வேண்டும். இங்கு நம் மொழியே நம்மை ஏமாற்றுகிறது. சாம்பல் என்பது நமக்கு அடுப்பில் எஞ்சுவது, ஊதினால் பறப்பது, நீரில் கரைவது, பாத்திரம் துலக்க உதவுவது. எரிமலைச் சாம்பலோ எரிந்து எஞ்சிய பொருளே அன்று. உள்ளிருந்த பாறைக்குழம்பு வளியால் வெடித்துச் சிதறி, நொடியில் குளிர்ந்து, கண்ணாடியும் கல்லுமான தூளாக இறங்குவது. அது நீரில் கரையாது. நனைந்தால் சாந்துபோல் இறுகும். 1982 ஜூன் 24ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் மலை கக்கிய தூளுள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றன. முன்கண்ணாடி உப்புத்தாள் தேய்த்ததுபோல் மங்கிற்று. எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்று ஜக்கார்த்தாவில் அது பத்திரமாக இறங்கியது. அடுப்புச் சாம்பல் இப்படிச் செய்யாது. 'கல்தூள்' என்று நாம் பெயரிட்டிருந்தால் நம் மாணவர்க்கு ஒரு பாதி விளக்கம் பெயரிலேயே கிடைத்திருக்கும். ஆங்கிலமும் இதே பிழையைத்தான் செய்கிறது என்பது நமக்கு ஆறுதலாகாது.

புதிதாக விழுந்த உலர்தூள் 10 செ.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் படிந்தால், அதன் எடை ஏறத்தாழ 40 முதல் 70 கிலோ. அதுவே மழையில் ஊறினால் 100 முதல் 200 கிலோ. எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள சிறு வீடு ஒன்றைக் கொள்வோம். கூரைப் பரப்பு 48 சதுர மீட்டர். பத்து செ.மீ. ஈரத்தூள் விழுந்தால் அதன் தலைமேல் ஐந்து முதல் பத்து டன், இருபது செ.மீ. விழுந்தால் பத்து டன்னுக்குக் குறையாது. மூன்று யானைகளைக் கூரையில் ஏற்றி நிறுத்தியது போலாம்.

ஜூன் 15ஆம் நாள், சனிக்கிழமை. மலை காலை முதல் அடுக்கடுக்காக வெடித்துக்கொண்டிருந்தது. அதே நாளில் யூன்யா என்னும் சூறாவளி லூசோனைக் கடந்தது. அதன் மையம் மலைக்கு வடக்கே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில் சென்றது. நூற்றாண்டில் ஒருமுறை நிகழும் வெடிப்பும் சூறாவளியும் ஒரே பிற்பகலில் கூடின. பிற்பகல் 1.42க்கு உச்ச வெடிப்புத் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நீடித்தது. புகைத்தூண் 35 கி.மீ. உயர்ந்தது. மலையைச் சுற்றியிருந்த நிலஅதிர்வுக் கருவிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின. வட்டம் 40 கி.மீ. ஆக விரிக்கப்பட்டது, கண்காணிப்பு நிலையத்தாரும் கிளார்க்கைவிட்டு வெளியேறினர். ஆனால் அந்நேரத்தில் வெளியேறுவது எவ்வாறு? நண்பகல் கடந்தவுடனேயே இருள் கவிந்தது. மழை சேறாகப் பெய்தது. சூறாவளியின் சுழற்காற்று, ஒரு திசையில் கடல்மீது சென்றிருக்கக்கூடிய தூளின் பெரும்பகுதியை எல்லாத் திசையிலும் வாரி இறைத்தது. மலையுச்சி உள்வாங்கிச் சரிந்துகொண்டிருந்தமையால் நிலமும் விடாது அதிர்ந்தது. அத்தகைய நேரத்தில் மக்கள் செய்யக்கூடியது ஒன்றே: கூரையுள்ள இடத்தில் ஒதுங்குவது.

அக்கூரைகள்தாம் வீழ்ந்தன.

அந்நிலத்துக் கட்டடக்கலையைக் குறைகூற நமக்கு மனமில்லை. வெப்பமும் மழையும் சூறாவளியும் உள்ள நாட்டில் தச்சர்கள் அறிவுடன்தான் கட்டியிருந்தனர். மரச்சட்டம், அதன்மேல் நெளிந்த துத்தநாகத் தகடு, மழையும் வெயிலும் சுவரைத் தீண்டாதபடி நீண்ட தாழ்வாரம். நம் தோட்டப்புறத்துப் பழைய வீடுகளை அறிந்தவர்க்கு இது புதிதன்று. சூறாவளி கூரையை மேல்நோக்கிப் பிடுங்கும். ஆகவே கூரை பறந்துவிடாதபடி இறுகக் கட்டுவதே தச்சரின் கவலை. மேலிருந்து கீழ்நோக்கி அழுத்தும் பெருஞ்சுமை அந்நாட்டுக் கூரைக்கு வருவதே இல்லை. பனி பொழியும் நாட்டில் கூரை பனியின் எடையைத் தாங்குமாறு கட்டப்படும். பிலிப்பைன்ஸில் பனி ஏது? ஐந்நூறு ஆண்டுகளாக வாராத ஒரு சுமைக்கு எந்தத் தச்சர் விட்டத்தைப் பருமனாக்கியிருப்பார்?

மலைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 27 கி.மீ. தொலைவில் உள்ள காஸ்தில்யெஹோஸ் என்னும் ஊரில் இருபது செ.மீ. வரை தூள் படிந்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கட்டட ஆய்வாளர்கள் அவ்வூர்க் கட்டடங்களின் சேதத்தை ஆராய்ந்தனர். எல்லாக் கூரையும் ஒன்றுபோல் வீழவில்லை என்பதே அவர்கள் கண்டது. இடையே தாங்குவார் இன்றி நெடுந்தொலைவு நீண்ட கூரைகள் மிகுதியாக வீழ்ந்தன. அறைச்சுவர்கள் நெருங்கி நின்று தாங்கிய சிறிய வீடுகள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அகன்ற தாழ்வாரங்கள் முறிந்தன. இதன் காரணம் எளிது. சட்டத்தின் நீளம் இருமடங்கானால், அதன் நடுவில் ஏற்படும் வளைவு விசை நான்கு மடங்காகும். பெரிய கூடத்தின் கம்பீரமே அதன் பலவீனம்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கிறோம். ஊரில் நெடிய கூரை கொண்ட கட்டடங்கள் எவை? தேவாலயம், சந்தை, பள்ளிக்கூடம், பொதுமண்டபம். பேரிடர் வந்தால் மக்களை நாம் எங்கே கூட்டுகிறோம்? அதே இடங்களில்தான். பருவமழை வெள்ளத்தின்போது கிளந்தானிலும் பகாங்கிலும் பள்ளி மண்டபங்களே துயர் துடைப்பு மையங்களாகின்றன. வெள்ளத்திற்கு அது பொருத்தம். இடம் அகலமும் தளம் உயரமும் போதும். கல்தூள் மழைக்கு அதே மண்டபம் பொறியாகலாம். அடைக்கலம் என்ற சொல்லுக்கு எதனினின்று அடைக்கலம் என்ற கேள்வியும் உடன்வர வேண்டும் என்பதைப் பினதுபோவுக்கு முன்பு பலர் எண்ணியிருக்கவில்லை.

வெடிப்பின்போது இறந்தோர் ஏறத்தாழ 350 பேர். பெரும்பாலோர் கூரை இடிந்து மாண்டவர்கள். முற்றிலும் அழிந்த வீடுகள் 8,000க்கு மேல். சேதமுற்றவை மேலும் 73,000. மறுநாள் மழை ஓய்ந்து வெளிச்சம் வந்தபோது மலையுச்சி இல்லை. அதன் இடத்தில் இரண்டரைக் கி.மீ. அகலமுள்ள குழி இருந்தது. மலையின் உயரம் ஏறத்தாழ 260 மீட்டர் குறைந்துவிட்டது. வானில் ஏறிய கந்தகம் அடுத்த ஆண்டு உலக வெப்பநிலையையே அரைப்பாகை அளவுக்குத் தாழ்த்தியது என்பது எல்லாப் பாடநூலிலும் உள்ள செய்தி. அதனை விரிக்காது செல்கிறோம்.

பாடநூல்களில் அருகியே காணப்படுவது முகாம்களின் கதை. மலையினின்று முன்கூட்டியே இறக்கப்பட்டு உயிர்பிழைத்த ஆயித்தா மக்கள் சமவெளியின் வெப்பத்தில், நெருக்கமான கூடாரங்களில், பழக்கமில்லாத உணவோடு தங்கவைக்கப்பட்டனர். மலையில் தனித்தனிச் சிற்றூர்களாக வாழ்ந்தவர்களிடையே தட்டம்மைத் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டிருக்கவில்லை. முகாம்களில் தட்டம்மை புகுந்தது. உடன் வயிற்றுப்போக்கும் மூச்சுறுப்பு நோயும் பரவின. முகாம்களில் மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் ஆயித்தா இனத்தவர். அவர்களுள்ளும் குழந்தைகள் பலர். மருத்துவர்கள் இருந்தனர், மருந்தும் ஓரளவு இருந்தது. ஆனால் அந்நியர் கையில் குழந்தையை ஒப்படைக்கத் தாய்மார் அஞ்சினர். அவர்தம் மொழியும் வழக்கமும் அறிந்து பேசுவோர் போதவில்லை. மொத்த இறப்பு 722 என்றும் 847 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. கணக்கை எந்நாளோடு முடிப்பது, முகாமில் மாண்ட குழந்தையை எரிமலைக்கு இரையானதாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தது அவ்வேறுபாடு. கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. வெளியேற்றம் என்பது வண்டி புறப்பட்டதும் முடிந்துவிடுவதன்று.

பினதுபோவை ஒப்பிட நம் வட்டாரத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி உள்ளது. பப்புவா நியூகினியின் ரபாவுல் நகரில் 1937இல் எரிமலை வெடித்து 507 பேர் மாண்டனர். 1980களின் நடுவில் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது வெளியேற்றத் திட்டங்கள் வகுக்கப்பட்டன, வெடிப்பு வரவில்லை. 1994 செப்டம்பர் 18ஆம் நாள் இரவு நிலம் கடுமையாக அதிரத் தொடங்கியதும், முதியோர் 1937ஐ நினைவுகூர்ந்தனர். மக்கள் ஆணைக்குக் காத்திராது நடந்தே புறப்பட்டனர். விடியலில் இருபுறமும் இரு மலைகள் வெடித்தபோது நகரம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. நகரின் கூரைகள் தூளின் எடையால் வரிசை வரிசையாக வீழ்ந்தன. இறந்தோர் ஐவர் மட்டுமே. கூரை வீழ்வதைத் தடுக்க அங்கும் இயலவில்லை. அதன் கீழ் எவரும் இல்லாதிருந்ததே வேறுபாடு. ரபாவுலுக்கு 57 ஆண்டு நினைவு துணைநின்றது. பினதுபோவில் அத்தகைய நினைவு இல்லை. அறிவியலார் இரண்டே மாதங்களில் அதனை உண்டாக்க வேண்டியிருந்தது.

பினதுபோவின் கட்டடச் சேதம் 1991உடன் முடியவில்லை. சரிவுகளில் குவிந்த தூள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரைந்து, ஆறுகளின் வழியே சிமெந்துக் கூழ்போல் இறங்கியது. இதனை உலக அறிவியலார் அனைவரும் 'லஹார்' என அழைக்கின்றனர். அஃது ஜாவா மொழிச் சொல். 1919இல் ஜாவாவின் கெலுட் மலையின் ஏரி உடைந்து 5,000க்கு மேற்பட்டோரைச் சேற்றில் புதைத்த பின்னர், டச்சு அரசு எரிமலைக் கண்காணிப்புப் பணியகம் ஒன்றை நிறுவியது. நம் அண்டை நிலத்து உழவர் சொல் அவ்வழியே உலகச் சொல்லாயிற்று. தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்குவோர் ஆக்கட்டும். லஹார் என்றே எழுதினும் இழுக்கில்லை என்பது நம் எண்ணம்.

வெடித்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 1995 அக்டோபர் 1ஆம் நாள், மற்றொரு சூறாவளி மழையில் பம்பங்கா மாநிலத்தின் பக்கோலோர் என்னும் பழம்பெரும் நகர்மீது லஹார் பாய்ந்தது. கபலந்தியான் என்னும் பகுதி புதைந்து பலர் மாண்டனர். எரிமலைக்கு அஞ்சி ஓடித் திரும்பிவந்து, மலை அடங்கிவிட்டது என்று நம்பி வீட்டைப் பழுதுபார்த்தவர்கள் அவர்கள். இம்முறை சுமை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. வீடுகள் கூரைவரை மணலில் நின்றன. சில குடும்பங்கள் புதைந்த வீட்டின் மாடியைத் தரைத்தளமாகக் கொண்டு வாழத் தொடங்கின. வேறு சிலர் வீட்டையே தூணில் உயர்த்திக் கட்டினர்.

அந்நகரின் புனித கில்லெர்மோ தேவாலயம் 12 மீட்டர் உயரமுடையது. அதில் ஆறு மீட்டர் புதைந்தது. ஊரார் அதனை இடிக்கவில்லை. மணலினின்று பலிபீடத்தைத் தோண்டியெடுத்து, உயர்ந்துவிட்ட புதிய தரைமட்டத்தில் மீண்டும் நிறுத்தினர். பழைய வாயில் நிலத்துக்குள் இருக்கிறது. வழிபட வருவோர் இன்று சன்னல்கள் வழியே உள்ளே நுழைகின்றனர்.